பானெட்டின் மேல் மண்வாரி

டொராண்டோவில் ஜனவரிக் காலை. கார் வாங்கியபோது பெயின்ட்டைக் காக்கத் தனிப் பூச்சுக்குப் பணம் கட்டிய அதே மனிதர், இப்போது வாசல் பனி அள்ளும் மண்வாரியோடு பானெட் மேல் பாய்கிறார். வண்ணத்துக்கு மேலுள்ள கிளியர்கோட்டின் தடிமன் சுமார் 50 மைக்ரான்தான். பனியோடு ஒட்டிய மணலே அதற்கு உப்புத்தாள். மண்வாரி உபரிச் சேவை. பக்கத்து வீட்டுக்காரர் வெந்நீர்க் கெட்டிலோடு உதவிக்கு வருகிறார். அவர் கைங்கரியத்தில் முன்கண்ணாடியும் விரிசல் விடலாம்.

நுரைத் தலை வைத்த தள்ளுகோலால் மேல்பனியைத் தள்ளிவிட்டு, ஒட்டிய படலத்தைத் தானாக உருக விட்டால் போதும். சுரண்டி கண்ணாடிக்கு மட்டும். ஆனால் அதற்குப் பத்து நிமிடம் முன்னதாக எழ வேண்டுமே! பெயின்ட் பட்டறைகள் பிழைப்பது அந்தப் பத்து நிமிடத் தூக்கத்தில்தான்.