செல்ஃபி குருகுலம்

மகாராஷ்டிர அரசுக்கு ஆசிரியர்–மாணவர் உறவில் அக்கறை இல்லை என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொல்லக் கூடாது. 2016 நவம்பரில் அரசாணையே போட்டார்களே! திங்கட்கிழமைதோறும் பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக நிறுத்தி ஆசிரியர் செல்ஃபி எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். படிப்பை நிறுத்தும் பிள்ளைகளை அதிலே பிடித்துவிடலாமாம். வீட்டுப்படி ஏறி, “ஏம்மா, பையன் ஏன் வரலை?” என்று கேட்பதெல்லாம் அந்தக்காலத்துப் பழக்கம். ஆசிரியர்கள் கொதித்தெழ, 2017 ஜனவரியில் ஆணை கிடப்புக்குப் போனது.

2018இல் விரலுக்கு வந்தார்கள். பதினொன்றாம் வகுப்பு அறிவியல் மாணவர்கள் ஜூனியர் கல்லூரியை விட்டுக் கோச்சிங்கில் கிடக்கிறார்கள் என்று பயோமெட்ரிக் வருகைப்பதிவு. 2022இல் ‘ஆப்லே குருஜி’ (நம் ஆசிரியர்) என்று பாசமாகப் பெயர் வைத்து, ஆசிரியரின் படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டச் சொன்னார்கள். முகம், விரல், படம் எல்லாம் கேட்டாயிற்று. பிள்ளையோடு பேசினாயா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பேச நேரம் ஏது? 2024 ஜனவரியில் மராத்தா இடஒதுக்கீட்டுக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களை வீடு வீடாக விரட்டினார்கள். மாணவன் வீட்டுக்குப் போக நேரம் இல்லாதவர் ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் தட்டினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பாதே என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. சுவரில் இடமிருந்தால் அதையும் மாட்டுங்கள்.

அந்தக் கோச்சிங்கின் லட்சணத்தைப் பார்க்க நவி மும்பை வாஷிக்கு வாருங்கள். மதிப்பெண் அச்சிட்ட முகங்களோடு கோச்சிங் பலகைகள் வரவேற்கும். பேர் ஒரு கல்லூரியில், உடம்பு கோச்சிங்கில். இதற்கு ‘டை-அப்’ என்று நாகரிகப் பெயர். மைக்கில் பேசும் சாருக்குப் பையன் ஒரு ரோல் நம்பர். வாராவாரம் டெஸ்ட், ராங்க்படி பேட்ச். ஒருநாள் மட்டம் போட்டால் அப்பாவுக்கு எஸ்எம்எஸ் பறக்கும். ஏன் வரவில்லை என்று அவனைக் கேட்க நாதியில்லை.

மும்பை கோட்டத் தேர்வு வாரியமும் இதே வாஷியில்தான் இருக்கிறது. பரீட்சை வந்தால், மன அழுத்தமா, ஆலோசகரைக் கூப்பிடு என்று வாரியம் தொலைபேசி எண்கள் கொடுக்கும். பன்னிரண்டு வருஷம் வகுப்பறையில் உட்கார்ந்த பிள்ளை, அழுவதற்கு முன்பின் தெரியாத ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. வெட்கக்கேடு!

பெற்றோரே, அட்மிஷனுக்குப் போகும்போது ரிசல்ட் எவ்வளவு என்று கேட்டது போதும். “என் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறவர் யார்?” என்று கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.