எலேய், நெல்சனைக் கேட்டதாச் சொல்லு

எலேய் மக்கா, ஒனக்குச் சொகுசுக் கப்பல்ல வேலை கிடைச்சிருச்சுன்னு உங்க அம்மை தெருத் தெருவாச் சொல்லிக்கிட்டுத் திரியுதா. அடுப்படியில காய் நறுக்குத வேலைங்கிறதை மட்டும் விட்டுட்டா. நல்லதுதான், குடும்ப மானம் காப்பாத்தப்பட்டது. கரீபியன் கடல்ல சுத்துத கப்பல், ஆன்டிகுவாத் தீவுல ஒரு பகல் நிக்கும்னு நீயே சொன்ன. அப்பம் ஒனக்கு நாலு வார்த்தை சொல்ல எனக்கு பாத்தியதை உண்டு. சரக்குக் கப்பல்ல சாரங்கா இருந்த காலத்துல நானும் அந்தக் கரையில இறங்குனவன்தான். இப்பம் பத்து ஆட்டுக்குச் சாரங்கு, அது வேற கதை.

கப்பல் நிக்கது செயின்ட் ஜான்ஸ்ல. அதான் தலைநகரம். நீ பாக்கணும்னு சொல்லுத பழைய கப்பல் பட்டறை, தெக்குக் கரையில இங்கிலீஷ் ஹார்பர்ங்கிற எடத்துல இருக்கு. இறங்கினதும் டாக்ஸிக்காரன் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிப்பான். அவன் டாலர்னு சொன்னா, எந்த டாலர்னு திருப்பிக் கேளு. ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபியன் டாலர். 1976-லருந்து அந்தக் கணக்கு அசையல. கேக்காம ஏறிட்டு, இறங்கும்போது கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் மடங்கு கொடுத்துட்டு, தாத்தா சொல்லலையேன்னு என்மேல பழி போடாத. கிரிக்கெட்டுக்காரவ விவியன் ரிச்சர்ட்ஸ், ஆண்டி ராபர்ட்ஸ், ஆம்ப்ரோஸ், மூணு பேரும் அந்தத் தீவுக்காரங்கதான். அவுங்க பேரைச் சொன்னா டாக்ஸிக்காரன் குளுந்துருவான். பேச்சு நல்லா வளரும், வாடகை மட்டும் இறங்காது. அதுக்குப் பதிலா மினிபஸ்ல போ. ஆள் நிறைஞ்சாத்தான் வண்டி கிளம்பும். ஒனக்கு அது புதுசா என்ன?

பட்டறை வாசல்ல போர்டு இருக்கும், நெல்சன் டாக்யார்டுன்னு. உள்ள நுழைஞ்சதும் முதல் வேலையா, நெல்சன் இங்கன எங்க இருந்தாருன்னு பவ்யமாக் கேளு. எல்லாரும் அதைத்தான் கேக்காவ. அந்த நெல்சன், வெள்ளைக்காரன் கடற்படைக் கேப்டன், 1784-ல வரும்போது அவனுக்கு 25 வயசு. போரியஸ்ங்கிற 28 பீரங்கிக் கப்பலுக்குத் தலைவன். அவனுக்குக் கொடுத்த உத்தியோகம் என்னன்னா, புதுசா தனிநாடாப் போன அமெரிக்காக்காரன் கப்பலை அந்தத் தீவுகள்ல வியாபாரம் பண்ண விடாமத் தடுக்கது. தீவு வியாபாரியும் தோட்ட முதலாளியும் அந்த வியாபாரத்தை நம்பித்தான் தின்னுக்கிட்டு இருந்தான். விடுவானா? நெல்சன் மேல நஷ்டஈடு கேட்டு வழக்கப் போட்டுட்டான். பக்கத்துல நெவிஸ் தீவுல, கரையில காலை வச்சா அமுக்கிருவானுவன்னு பயந்து, கடற்படைக் கேப்டன் எட்டு வாரம் கப்பலை விட்டு இறங்கல. நம்ம ஊர்ல கடன்காரனுக்குப் பயந்து வீட்டுக்குள்ள இருக்கவனுக்கு யாரும் சிலை வைக்கதில்ல.

இங்கிலீஷ் ஹார்பர் அவனுக்குக் கண்ணுல காட்ட ஆகாது. வெக்கை, கொசு, காய்ச்சல். காய்ச்சல்ல தலையை மொட்டையடிச்சுக்கிட்டு, அளவு சேராத பொய்முடி ஒண்ணை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். கூட்டாளி காலிங்வுட் அந்தக் கோலத்துல அவனைப் படமா வரைஞ்சும் வச்சுட்டான். லண்டன் கிரீனிச் அருங்காட்சியகத்துல அது இன்னைக்கும் இருக்கு. கூட்டாளி எதுக்கு இருக்கான்? அதுக்கு முன்னால, சின்னப் பயலா 1774-ல நம்ம மெட்ராஸ் பக்கமும் கப்பல்ல வந்தவன்தான் நெல்சன். அந்தச் சுத்துலயே காய்ச்சல்ல சாகக் கிடந்து, ஊருக்குத் திருப்பி அனுப்புனாவ. ஆக, கொசு விஷயத்துல இந்தியாதான் அவனுக்கு முதல் பள்ளிக்கூடம்.

இப்பம் கணக்கைப் பாரு. 1787-ல ஆசாமி மூட்டையக் கட்டிட்டான். நீ வாயைப் பொளந்து பாக்கப் போற செம்பு-மரக் கிடங்கு 1789-ல கட்டுனது. அட்மிரல்ஸ் இன்னுன்னு இப்பம் விடுதியா நடக்கே, அந்தச் செங்கல் கட்டடம் 1788. கீழ கீலும் தாரும் வச்சிருந்த கிடங்கு, மேல இன்ஜினியர் ஆபீசு. அருங்காட்சியகம் இருக்க வீடு 1855. அதாவது நெல்சன் டிரஃபால்கர் கடற்சண்டையில குண்டடிபட்டுச் செத்து 50 வருசம் கழிச்சு. அவன் கண்ணால பாக்காத கட்டடம், அவன் நிக்கப் பிடிக்காத ஊரு, பேரு மட்டும் அவன் பேரு. அதனால நீ அவசியம் அந்தப் போர்டுக்குக் கீழ நின்னு செல்பி எடு. நானும் எடுத்தேன், அப்பம் செல்பிங்கிற பேரு கிடையாது, அவ்வளவுதான்.

அந்தத் துறைமுகத்தை வெள்ளைக்காரன் பிடிச்சதுக்கு வேற காரணம் இருக்கு. சுத்தி மலை, வாய் குறுகலு, உள்ள போனா வெளியில இருந்து கப்பல் இருக்கதே தெரியாது. 1723-ல அடிச்ச சூறாவளியில ஆன்டிகுவாவோட மத்தத் துறைகள்ல 35 கப்பல் போச்சு. இங்கிலீஷ் ஹார்பருக்குள்ள கட்டிக்கிடந்த ரெண்டு போர்க்கப்பல் கீறல் இல்லாம நின்னுச்சு. அதுக்கப்புறம் அவனுக்கு வேற துறை வேண்டியிருக்கல. சுத்தியிருக்க தீவெல்லாம் கரும்புக் காடு, சீனிக் காசு. எட்டிப் பாத்தா பிரெஞ்சுக்காரன் குவாடலூப். காசுக்குக் காவல் வேணும், காவலுக்குக் கப்பல் வேணும், கப்பலுக்குப் பட்டறை வேணும்.

நான் அந்தப் பட்டறையில அதிக நேரம் நின்ன எடம் எதுன்னா, பெரிய பெரிய உருளை நட்டு வச்சிருக்க கரை. கேப்ஸ்டன்னு சொல்லுவாவ. வெதுவெதுன்னு இருக்க கடல்ல மரக்கப்பல் கிடந்தா அடிப்பலகையில சிப்பியும் பாசியும் அப்பிக்கும், புழு மரத்தைக் குடைஞ்சு சல்லடையாக்கிரும். அங்க உலர்துறை கிடையாது. அதனால பீரங்கி, பாரம், பாய்மரச் சாமான் எல்லாத்தையும் இறக்கிட்டு, பாய்மரத்துல வடத்தைக் கட்டி, அந்த உருளையில ஆளுக சுத்திச் சுத்தி இழுத்து, முழுக் கப்பலையும் தண்ணியிலயே ஒருக்களிச்சுச் சாய்ப்பாவ. நீ சின்னப் பிள்ளையில நம்ம குளத்துல எருமையைச் சாய்ச்சுப் போட்டு வைக்கோல் பிரியால தேய்ப்பியே, அதே வேலை, எருமை மட்டும் நூறு அடிக்கு மேல. ஒரு பக்கம் சுரண்டி, ஓட்டையடைச்சு, கலப்பத்துப் பாத்து, கீல் பூசி முடிச்சா, மறுபக்கம் சாய்க்கணும். பெறகு அடியில செம்புத் தகடு அடிக்கப் படிச்சாவ, புழு உள்ள போகாம இருக்க. அந்தக் கிடங்குக்குப் பேரு வந்தது அதனாலதான். பாயைத் தைக்கத மாடத்தோட தூணுக மட்டும் மொட்டையா நிக்கும், கூரையை 1871 சூறாவளி கொண்டுபோயிருச்சு. அதுல ஒரு தூணைக் கட்டிப்பிடிச்சுப் பாரு. ஒன் கை சுத்தி வராது.

அந்தத் தூணைத் தூக்கி நிறுத்துனது யாருன்னு கேட்டா, பிரிட்டிஷ் கடற்படை கட்டுச்சும்பான். கடற்படை கைக்கு எங்க காப்பு காய்ச்சிச்சு? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேங்கிறது இதுதான். கரும்புத் தோட்டத்துல அடிமையா வச்சிருந்த ஆப்பிரிக்கக்காரங்களைத் தோட்டத்துக்காரன் ஆள் அனுப்பி வச்சான். பாறை உடைச்சு, மேடு வெட்டி, கடலை நிரத்தி, கல்லு சுமந்து எல்லாம் அவுகதான். பெறகு பட்டறைக்குன்னே அடிமைகளை வச்சுக்கிட்டாவ: ஓடாவி, கலப்பத்துக்காரவ, கொல்லன், மரம் அறுக்கவ, பாய் தைக்கவ. கைத்தொழில்ல புலி. கூலி கிடையாது. 1744 மார்ச் 8-ல பட்டறையில நடந்த வெடிவிபத்துல எட்டு ஆப்பிரிக்கத் தொழிலாளிக செத்துப் போனாவ. அந்தத் தேதியவே தங்களோட திட்டத்துக்குப் பேரா வச்சு, அங்க இருக்க ஆராய்ச்சிக்காரவ, பட்டறையில உழைச்ச அடிமைகளோட பேரைப் பழைய கணக்குப் புத்தகங்கள்ல இருந்து ஒவ்வொண்ணாத் தோண்டி எடுக்காவ. நூத்துக்கணக்குல பேரு கிடைச்சிருக்கு. 2016-ல யுனெஸ்கோ இந்த எடத்தை உலகப் பாரம்பரியச் சின்னம்னு எழுதினப்ப, அடிமைகளோட உழைப்பு இல்லாம இது எழும்பியிருக்காதுன்னு அந்த ஏட்டுலயே போட்டுட்டாவ. நீ போனா நெல்சனைக் கேட்ட அதே பவ்யத்தோட அந்தப் பேருகளையும் கேளு. வழிகாட்டி ஒன்னை ஒரு மாதிரிப் பாத்தா, அவருக்கு விஷயம் தெரியலைன்னு அர்த்தம். சிரிச்சாருன்னா, தெரியும்னு அர்த்தம். ரெண்டாவது ஆளா இருந்தா அவருக்கு டிப்சு கொடு.

பார்படோஸ்ல 2020-ல நெல்சன் சிலையை ஊருக்கு நடுவுலருந்து இறக்கிட்டாவ. ஆன்டிகுவாக்காரவ போர்டை இறக்கல. அவுகளுக்குத் தெரியும், பேரைப் பாத்து வாற கூட்டம் காசைக் கொடுத்துட்டுப் போகும்னு. செத்தவன் பேருல வாடகை வசூலிக்கது பழிவாங்குததுல ஒரு வகைதானே.

துரைமாரு அங்க என்னதான் பண்ணினானுவன்னு கேப்ப. முதல் மரியாதைக்குச் சண்டை போட்டானுவ. பட்டறைக் கமிஷனர் கொடியை ஏத்தினா, அவன் எனக்கு மேல இல்லன்னு நெல்சன் கண்டுக்கல. அந்தக் கமிஷனர் பொஞ்சாதி மேல மட்டும் அவனுக்குப் பெரிய மரியாதை இருந்துச்சு, அதை நான் விவரிக்க மாட்டேன், நீ கல்யாணம் ஆகாத பய. 1798-ல இன்னும் முத்திப் போச்சு. கேமல்ஃபோர்டு பிரபுன்னு ஒரு லெப்டினன்ட், பீட்டர்சன்னு இன்னொரு லெப்டினன்ட். நீ பெரியவனா நான் பெரியவனா. பட்டறைக்குள்ளயே கேமல்ஃபோர்டு துப்பாக்கியை எடுத்து பீட்டர்சனைச் சுட்டுக் கொன்னுட்டான். ராணுவ விசாரணை நடந்துச்சு, பிரபு குத்தமில்லன்னு வெளிய வந்துட்டாரு. அடுப்படியில ஒனக்கு மேல ரெண்டு பேரு அதிகாரம் பண்ணுவான். ரெண்டு பேருக்கும் ஆமான்னு தலையாட்டு.

நீராவிக் கப்பல் வந்தப்பெறகு இந்தச் சின்னத் துறைக்கு வேலையில்லாமப் போச்சு. 1889-ல கடற்படை கதவைச் சாத்திட்டுப் போயிருச்சு. சூறாவளியும் நிலநடுக்கமும் மிச்ச வேலையைப் பாத்துச்சு. 1949-ல நிக்கல்சன்னு ஒரு ஓய்வுபெத்த கடற்படைக்காரர் குடும்பத்தோட பாய்மரக் கப்பல்ல வந்து நங்கூரம் போட்டாரு. இடிஞ்ச எடம் பிடிச்சுப் போச்சு, தங்கிட்டாரு, பணக்காரவளுக்குப் படகு வாடகைக்கு விடுத தொழில் ஆரம்பிச்சாரு. 1951-ல பாதுகாக்கணும்னு ஒரு சங்கம் சேந்துச்சு. செங்கல் செங்கலாச் சரிபண்ணி 1961-ல திறந்தாவ. இன்னைக்கும் அது வெறும் பொம்மை வீடு இல்ல. பாய் தைக்கான், படகு பழுது பாக்கான், மரவேலை நடக்கு. பக்கத்துல நிக்க உல்லாசப் படகு ஒண்ணோட விலையைக் கேட்டா நம்ம ஊரையே தட்டுல வச்சுக் கொடுக்கணும். கேக்காத.

இதுல எனக்குச் சிரிப்பு அடங்காத விஷயம் ஒண்ணு உண்டு. கேனரித் தீவு லா கோமெராவுல இருந்து கிளம்பி, அட்லாண்டிக் கடலை மூவாயிரம் மைல் துடுப்பு வலிச்சே தாண்டி, இந்தப் பட்டறைக்கு வந்து சேருத பந்தயம் ஒண்ணு நடக்கு. உள்ளங்கை கிழிஞ்சு, உப்புப் புண்ணு வந்து, எடை குறைஞ்சு, கரையைக் கண்டதும் கதறி அழுவாவ. அதுக்குப் பெரும் பணம் அவுகளே கட்டணும். ஒரு காலத்துல அதே கடலைச் சங்கிலி போட்டு ஆளுகளைத் தாண்ட வச்சு, அதே கரையில வேலை வாங்கினான். இப்பம் பணம் கட்டி வாறவனுக்கு வாண வேடிக்கை.

நேரம் இருந்தா மேல ஷெர்லி ஹைட்ஸ் மேட்டுக்கு ஏறு. பழைய காவல் அரணு. இங்கிலீஷ் ஹார்பரும் பக்கத்துத் துறைமுகமும் ஒரே பார்வையில தெரியும், வானம் தெளிஞ்சிருந்தா மான்செராட்டும் குவாடலூப்பும் தெரியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஸ்டீல் பேண்டு வாசிப்பாவ, கறி சுடுவாவ. திருவிழா நாள்ல பொம்பளைங்க கட்டம் போட்ட துணி உடுத்தியிருந்தா உத்துப் பாக்காத, அடி வாங்குவ. ஆனா துணியை மட்டும் பாத்துக்க; மெட்ராஸ்னே அதுக்குப் பேரு. நம்ம பக்கத்துத் தறியில நெஞ்சு கப்பலேறின துணி, அவுக தேசிய உடுப்புலயே இருக்கு. நான் கைலியோட அங்க இறங்கி நடந்தப்ப ஒரு கிழவி என்னைப் பாத்து நாடு எதுன்னு கேக்கல, துணி எவ்வளவுன்னு கேட்டா.

கடைசியா ரம். அந்தத் தீவுல ஆறே கிடையாது, அந்தக் காலத்துல குடிச்சது மழைத்தண்ணி, அதனால மாலுமிகள் ரம்மையே தண்ணியா நினைச்சானுவ. கடற்படை ஆஸ்பத்திரிக் கல்லறையில தோண்டி எடுத்த எலும்புகளைச் சோதிச்சப்ப, ஈயம் ஏகத்துக்கு இருந்துச்சு. காய்ச்சி வடிக்கத சாமான்ல ஈயம் கலந்திருந்தது அதுக்கு ஒரு காரணம்னு ஆராய்ச்சிக்காரவ சொல்லுதாவ. குண்டுல செத்தவனை விடக் காய்ச்சல்லயும் குடியிலயும் செத்தவன்தான் அங்க ஜாஸ்தி. நீ குடிக்காத. ஆனா இப்பம் காய்ச்சுததுல அந்த ஈயம் கிடையாது, அதனால இங்கிலீஷ் ஹார்பர்ங்கிற பேருலயே கிடைக்க ரம்முல ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வா. ஒண்ணை உங்க ஆச்சி கண்ணுல படுத மாதிரிப் பெட்டிக்கு மேல வை. அவ அதைப் பிடுங்கி ஒளிச்சு வச்ச சந்தோசத்துல இன்னொண்ணைத் தேட மாட்டா.