இரவல் உடையில் பாரதம்

முன்னாளில் ரீடிங் ரோடு என்று வழங்கிய புதுதில்லி மந்திர் மார்க், எல்லாச் சாதியாரும் பிரவேசிக்கலாம் என்ற நிபந்தனையின் பேரில் 1939-இல் காந்தியடிகள் திறந்துவைத்த பிர்லா மந்திரையும், வங்காளிகளின் காளி பாரியையும், அவர்களுடைய ரைசினா பள்ளியையும், 1923-இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தாரின் பள்ளியையும் ஒரே வரிசையில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி யாதொரு பிரசங்கமும் செய்யாமல் சும்மா இருக்கிறது. ஆனால் தலைநகரத்து ஆரம்பப் பாடசாலைகளுக்கு, பாரதத்தின் பன்முகத்தை வருஷத்துக்கு ஒருமுறையேனும் மேடையேற்றி ஒலிபெருக்கியில் பிரகடனம் செய்தாலன்றி மனம் ஆறுவதில்லை.

அன்று, பாட்னாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் 'தமிழ்நாடு' ஆகிறான். அரைக்கால் சட்டையின் மேல் சரிகை வேட்டி, அதன்மேல் பள்ளிக்கூட பெல்ட், போதாததற்கு இரண்டு ஊக்கு. கும்பகோணத்துக்காரரின் பெண் சல்வார் கமீஸில் பஞ்சாபாகிப் பாங்கரா ஆடுகிறாள். நாகாலாந்துக்கும் மணிப்பூருக்கும் வாடகைக் கடைக்காரர் ஒரே இறகுத் தலைப்பாகையைத் தந்து மாகாண பேதத்தை ஒழித்துவிடுகிறார். பாவம், காஷ்மீரம் வாய்த்தவன்தான் தில்லியின் ஆகஸ்டுப் புழுக்கத்தில் கம்பளி அங்கிக்குள் தேசபக்தியால் நனைகிறான்.

பிரதம விருந்தினர் தாமதமாக வந்து, பல பாஷைகளின் மகிமையை ஒரே பாஷையில் முக்கால் மணி நேரம் விளக்கிய பின் இடைவேளை. பஞ்சாபின் எலுமிச்சைச் சாதமும் தமிழ்நாட்டின் ஆலு பராட்டாவும் கைமாறத் தொடங்குகையில், தொகுத்து வழங்கிய ஆசிரியை ஒலிபெருக்கியிலேயே எச்சரிக்கிறார்: "ஒருவர் டப்பாவை ஒருவர் தொடக்கூடாது!"