நீலசந்திராவில் சிறு படகு: மாடிப்படி அகலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பெங்களூரின் நீலசந்திராவில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே, மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவருக்குப் படகு எதற்கு என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் இதே ஊரின் யமலூர் பங்களாவாசிகள் படகிலும் டிராக்டரிலும் வெளியேறியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கவும் மாட்டார்கள்.

படகு நூலோர் நீளம், எடை, பாயின் பரப்பு என்று விரிவாக ஆராய்ந்துள்ளனர். மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஆனால் நீலசந்திராவில் படகின் தகுதியைத் தீர்மானிப்பது தண்ணீர் அல்ல, மாடிப்படி. இங்கே தெருவில் நிறுத்த ஸ்கூட்டருக்கே இடமில்லை. படகு மொட்டை மாடிக்குத்தான் போயாக வேண்டும்.

முதலில் ஆப்டிமிஸ்ட் என்னும் பாய்மரப் படகு. 1947-இல் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வரைந்தது. 50 டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை. நம் பட்ஜெட்டுக்கு இதைவிட நல்ல குலம் கோத்திரம் கிடைக்காது. நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ, அதாவது ஒன்றரை மூட்டை பொன்னி அரிசிக்கும் சற்றுக் குறைவு. தூக்கிவிடலாம், படி திரும்பும் இடத்தில் திருப்பத்தான் முடியாது. தவிர இது பதினைந்து வயதுவரையிலான பிள்ளைகளுக்கானது. வாடகை கட்டுகிறவர் உட்கார்ந்தால் கால் நீட்ட முடியாது.

அடுத்தது மிரர். 1962-இல் பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட இந்தப் படகை ஒட்டுப்பலகைத் துண்டுகளாக வாங்கி, செம்புக் கம்பியால் தைத்து, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அன்றைய விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். படகைத் தைப்பது நமக்குப் புதிதல்ல. பழைய மெட்ராஸ் கடற்கரையின் மசூலா படகுகளில் ஆணியே இருந்ததில்லை, எல்லாம் கயிற்றுத் தையல். பத்துக்குப் பத்தடி அறையில் 3.3 மீட்டர் மிரரை மூலைக்கு மூலை வைத்துக் கட்ட பிதாகரஸ் அனுமதிக்கிறார். குடும்பம் அனுமதிக்காது.

காற்றடைக்கும் ரப்பர் படகு மாடிப்படித் தேர்வில் முதல் வகுப்பில் தேறி, எலித் தேர்வில் தோற்கிறது.

எஞ்சுவது ஒகேனக்கல் பரிசல். மூங்கில் பிளாச்சு, பிளாஸ்டிக் படுதா, மேலே தார். அந்தக் காலத்தில் படுதாவுக்குப் பதில் தோல். 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், இத்தகைய வட்டப் படகுகள் ஆட்களோடு குதிரையையும் மாட்டையும் ஏற்றி ஆற்றைக் கடந்ததைக் குறித்துவைத்திருக்கிறார்; கூடை மாதிரி இருந்தன என்கிறார். ஒரே ஆள் தலையில் கவிழ்த்துத் தூக்கிப் போகலாம். படி ஏற்றவே வேண்டாம். பீரோ, கட்டில் ஏறும் அதே வழியில் வெளியிலிருந்து கயிறு கட்டி இழுக்கலாம். பெஸ்காம் மின்கம்பியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டை விழுந்தால் கொஞ்சம் தார் போதும். மழை இல்லாத மாதங்களில் கவிழ்த்துப்போட்டு மேலே வடாம் காயவைக்கலாம். மிரரில் இந்த வசதி பற்றிப் பேச்சே இல்லை.

நேராகப் போகாது, சுற்றும் என்பார்கள். ஒருவழிப் பாதைகளில் பழகிய பெங்களூருக்காரருக்கு இது ஒரு குறையா?

ஆகவே பரிசலே வாங்குங்கள். மாடியில் என்ன அது என்று வீட்டு ஓனர் கேட்டால், கூடை என்று சொல்லுங்கள். பயஸே சாட்சி.