பத்தியப் பெரியப்பா

குடலில் அழற்சி வந்தால் முதலில் வயிற்றுவலி வரும். பிறகு ரத்தம் கலந்த கழிச்சல் வரும். அடுத்தபடியாகப் பெரியப்பா வருவார்.

சொந்தப் பெரியப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எதிர்வீட்டுக்காரர், வாக்கிங் நண்பர், சம்பந்தி வழியில் யாரோ ஒருவர் என்று எவரும் இந்தப் பதவிக்கு வரலாம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும், கையில் மஞ்சப்பை இருக்கும். நான் பார்த்தவர்களில் முதலிடம் கும்பகோணத்துக்காரர் ஒருவருக்குத்தான். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வவுச்சர் இல்லாத பில்லைத் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவர். மருந்து விஷயத்தில் மட்டும் யாரிடமும் வவுச்சர் கேட்க மாட்டார். "திருவையாத்துல ஒருத்தருக்கு இதே கேஸ். மூணே வாரம். இப்ப பரோட்டா சாப்பிடறார்." அவ்வளவுதான், பில் பாஸ்.

அந்தத் திருவையாற்றுக்காரரை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

பெரியப்பாவின் கன்சல்டிங் நேரம் கல்யாணப் பந்தி. தம்பி மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். பெருங்குடலில் புண் என்று டாக்டர் சொல்லி, மெசலமைன் மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பக்கத்து இலையாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"எத்தனை தரம் போவுது?"

பையன் இலையைப் பார்த்தான்.

"வெக்கப்படாதே. தண்ணியாவா, சளியாவா? ரத்தம் கலந்து வருதா, தனியா வருதா?"

எதிர்வரிசையில் பருப்புசாதம் பிசைந்துகொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது. வத்தக்குழம்பு வாளி வந்தது. "தம்பிக்கு வேண்டாம், புளி ஆகாது" என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார். அப்பளம் வந்தது, "எண்ணெய்" என்றார். பாயசம் வந்தது, "பால்" என்றார். கடைசியில் பையன் இலையில் மிஞ்சியது உப்பும் ஒரு வாழைப்பழமும். பெரியப்பா இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டு, "குடலுக்கு ரெஸ்ட் குடுக்கணும்டா" என்றார்.

அவர் சொல்வதெல்லாம் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடிந்தால் நிம்மதி. முடியாது. மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்குடல் புண் அடங்கியிருந்த 89 பேரை வைத்து ஜப்பானில் ஒரு சோதனை நடந்து, 2006இல் வெளியானது. மஞ்சளிலுள்ள குர்குமினைத் தினம் இரண்டு கிராம் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே ஆறு மாதத்தில் நோய் திரும்பியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு இருபது பேருக்குத் திரும்பியது. ஆனால் இரண்டு தரப்பாருமே டாக்டர் கொடுத்த மாத்திரையை விடவில்லை. பெரியப்பா காதில் இந்தக் கடைசி வரி ஏறவே ஏறாது. தவிர, மஞ்சள்தூளில் குர்குமின் இருப்பது ஏறக்குறைய மூன்று சதவீதம்தான். இரண்டு கிராம் வேண்டுமானால் தினம் அறுபது கிராமுக்கு மேல் தூளை விழுங்க வேண்டும். அவரோ பாலில் ஒரு சிட்டிகை போடுகிறார், பால் நிறம் மாறியதும் வியாதியும் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

இசப்கோலுக்கும் ஆதரவு உண்டு. நோய் அடங்கியிருப்பவர்களிடம் அந்த விதை மெசலமைனுக்குக் கிட்டத்தட்டச் சமமாக நின்றதாக ஸ்பெயினிலிருந்து 1999இல் ஓர் ஆய்வு வந்தது. சோற்றுக்கற்றாழையின் கதை வேறு. ஏழு தண்ணீரில் கழுவச் சொல்வது சும்மா இல்லை. தோலை ஒட்டிய மஞ்சள் பால் பேதி மருந்து. பெரியம்மா கழுவும்போது டிவியில் சீரியல் ஓடியதால் கணக்கு தப்பியது. அன்று ராத்திரி பையன் தூங்கவில்லை. மறுநாள் காலை பெரியப்பா, "கெட்டதெல்லாம் வெளியே வருது, நல்ல அறிகுறி" என்றார். அதோடு விடாமல் நிலவாகைச் சூரணத்தையும் எடுத்து வைத்தார், வயிற்றைச் சுத்தம் பண்ணவாம். ஒரு நாளைக்குப் பத்து தடவை போகிறவனுக்கு இன்னும் என்ன பாக்கி?

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் குடல் அழற்சிக்காகப் பழைய சோற்றை ஆராய எடுத்தார்கள் என்று பேப்பரில் வந்ததிலிருந்து மனிதரைப் பிடிக்க முடியவில்லை. அந்தத் துண்டுச் செய்தியை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார். முடிவு அவர் கையில் ஏற்கெனவே வந்துவிட்டது.

"இயற்கைடா, சைடு எஃபெக்ட் கிடையாது" என்பது அவர் தாரக மந்திரம். அவுரி போன்ற நீலச்சாயச் செடிகளிலிருந்து எடுக்கும் சீன மருந்துப் பொடி ஒன்று பெருங்குடல் புண்ணை நன்றாகவே அடக்குகிறது. ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியதால் ஜப்பான் அரசே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. வேலை செய்கிற எதற்கும் பக்கவிளைவு இருக்கத்தான் செய்யும், இலையானாலும் மாத்திரையானாலும்.

பெரியப்பாவை யாரும் தோற்கடிக்க முடியாததற்குக் காரணம் பத்தியம். அகத்திக்கீரை கூடாது, மருந்தை முறித்துவிடும். கத்தரிக்காய், கருவாடு, மாங்காய் கூடாது. ராக்கண் முழிக்கக் கூடாது. இந்த வியாதியோ தானாக எழும்பும், தானாக அடங்கும். அடங்கினால் கஷாயத்தின் பெருமை. எழும்பினால், "நேத்து என்ன சாப்பிட்டே? உண்மையைச் சொல்லு." கத்தரிக்காய் இல்லாத ஒரு வாரத்தைத் தஞ்சை ஜில்லாவில் யார் காட்ட முடியும்? அவன் தலை குனிவான், பெரியப்பா பெருந்தன்மையோடு மன்னித்து அடுத்த பொட்டலத்தைப் பிரிப்பார்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார்: "அந்த இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடு." அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மெசலமைனை நிறுத்தினால் அடங்கிய புண் மறுபடி கிளம்ப வழி பிறக்கும். பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்காமல் சட்டென்று விட்டால், தானே சுரக்க மறந்திருக்கும் உடம்பு மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதனால் உங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வந்தால் உட்காரவைத்துக் காபி கொடுங்கள். மணத்தக்காளிக் கீரை கொண்டுவந்தால் வாங்கிச் சமையுங்கள், அருமையான கீரை. பழைய சோறு வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள். சூரணம் என்றால் பேரை எழுதி வாங்கி, டாக்டரிடம் காட்டிய பிறகு தொடுங்கள். மாத்திரை டப்பாவை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவி அவர் கைக்குப் போக வேண்டாம்.