பரண் வீணையின் பரிபாலகர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளுக்கெல்லாம் விவாகம் முடித்து, இரத்த அழுத்தத்தை வைத்தியர் வசம் ஒப்படைத்துவிட்டு, இனி உலகத்துக்குத் தம்மால் ஆகவேண்டியது யாது என்று சிந்திக்கத் தொடங்கும் கனவான்களில் சிலர் கோயில் திருப்பணியில் இறங்குகிறார்கள். சிலர் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். இன்னும் ஒரு சாரார், பரணில் கிழிந்த ஜமுக்காளத்துக்கும் காலொடிந்த தொட்டிலுக்கும் நடுவே கிடக்கும் பாட்டியின் வீணையைக் கீழே இறக்குகிறார்கள். முதலிரண்டு சாராரால் வீட்டாருக்குப் பெரிய உபத்திரவம் கிடையாது.

இறங்கி வந்த வீணையின் நிலைமையைக் கண்டு வேறொருவராயிருந்தால் மீண்டும் பரணிலேயே ஏற்றியிருப்பார். குடத்தின் மேற்பலகையில் ஒரு நீண்ட கீறல். தண்டியின்மேல் மெழுகு வறண்டு வெடித்து, 24 மெட்டுகளில் பாதி உதிர்ந்துபோய், மீதி அடித்தால் விழும் பல்லாக ஆடிக்கொண்டிருக்கும். பிரடைகளில் இரண்டைக் காணோம். சுரைக்குடுக்கையை எலி ருசி பார்த்திருக்கிறது. யாளிக்கு ஒரு காது இல்லை. நம்மவரோ இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ஒவ்வொரு சேதத்துக்கும் ஒருபடி அதிகமாக முகம் மலர்கிறார். பழுது இவ்வளவு பூரணமாக அமைவது யாருக்கும் எளிதில் கிட்டும் பாக்கியமல்ல என்பது அவருடைய அந்தரங்க அபிப்பிராயம்.

அன்று மாலையே வீணைக்கு ஒரு வம்ச சரித்திரம் ஏற்பட்டுவிடுகிறது. முதலில் அது ஏகாண்டம், அதாவது குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்தெடுத்தது. இரண்டும் சேருமிடத்தில் ஒட்டு தெளிவாகத் தெரிகிறதே என்று சொல்பவருடன் அவர் அதற்குமேல் பேசுவதில்லை. அடுத்த மாதம், வீணை தனம்மாள் சென்னையில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வாசித்ததைப் பாட்டி நேரில் கேட்டிருக்கிறாள் என்றாகும். அதற்கடுத்த மாதம், அந்த அம்மாளே இந்த வீணையைத் தொட்டு ஆசீர்வதித்திருப்பாள். பாட்டி மாயவரத்தைத் தாண்டியதாகக் குடும்பத்தில் எவருக்கும் ஞாபகமில்லை. 2013-ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்ட செய்தியைக்கூட அவர் கத்தரித்து வைத்திருக்கிறார். அது தம் வீட்டுப் பரணுக்கு நேராக வந்த கௌரவம் என்றே எடுத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது.

வீணை தஞ்சாவூருக்குப் பிரயாணமாகிறது. அங்கே வீணை செய்வதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட ஆசாரியார் ஒருவர், குடத்தை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்து, ஒட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், “மரம் நல்ல மரம்தானுங்க ஐயா” என்று மட்டும் சொல்கிறார். இத்தனை நாகரிகம் படித்தவர்களிடம் காண்பது அரிது. பிறகு தொடங்குகிறது மேளம் கட்டும் வேலை. பழைய மெழுகை அடியோடு சுரண்டியெடுத்து, தேன்மெழுகில் கரியைக் குழைத்துக் கறுப்பாக்கி, தண்டியின் இரு விளிம்பிலும் கரை எழுப்பி, அதன்மேல் மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து, தந்தியை மீட்டிச் செவியாலேயே ஸ்வரஸ்தானம் பார்த்து, மயிரிழை முன்னும் பின்னுமாக நகர்த்தி நிறுத்துகிறார். ஒரு மெட்டு இம்மியளவு உயர்ந்துவிட்டால் அதற்கு முந்தின மெட்டில் தந்தியை அழுத்தும்போது இரைச்சல் கிளம்பும்; தாழ்ந்துவிட்டால் அதற்கு அடுத்த மெட்டு குற்றவாளியாகத் தோன்றும். குதிரையின்மேல் பதித்த தகடோ இதைவிடச் சூட்சுமமானது. அதன் வளைவை அரம் கொஞ்சம் கூடுதலாகத் தொட்டுவிட்டால் வீணைக்கு நாதமே போய்விடும். இவ்வளவு வேலையும் நடக்கும்போது நம்மவர் அருகில் உட்கார்ந்து, கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியை ஆசாரியாரின் காதருகே நீட்டிக்கொண்டிருக்கிறார்.

“காந்தாரம் கொஞ்சம் குறைகிறதென்று இது காட்டுகிறதே?”

“காட்டட்டுங்க ஐயா. வாசிக்கிறதைக் கேக்கப்போறது மனுஷங்கதானே? அது சரி, வீட்டில் யாரு வாசிக்கிறாங்க?”

இந்தக் கேள்விக்கு மட்டும் அவரிடம் விடை கிடையாது. ரகுநாத நாயக்கர் காலத்தில் கோவிந்த தீட்சிதர் 24 மெட்டுகளையும் அசையாமல் நிலைநிறுத்தினார் என்று கூறப்படும் வரலாற்றை அவர் விஸ்தாரமாக எடுத்துரைக்கத் தொடங்கிவிடுகிறார். அவருக்குத் தெரியாதது ஸரளி வரிசை ஒன்றுதான்.

வீடு திரும்பிய வீணைக்குத் தனி அறை, பட்டு உறை, கூடவே நீண்ட சட்டதிட்டம். வெயில் படலாகாது, மெழுகு இளகும். குளிர்சாதனத்தின் காற்று படலாகாது, மெழுகு வெடிக்கும். மழைக்காலத்தில் ஜன்னலைத் திறக்கலாகாது, பிரடை உப்பி இறுகும். பேரக் குழந்தைகள் அந்த அறையின் திசையில் ஓடக்கூட அனுமதியில்லை. வீணைக்கு இவ்வளவு பயந்து வாழ்வதைவிட அதை யாருக்காவது தானம் செய்துவிடலாமே என்று சகதர்மிணி சொன்ன யோசனை, அந்த வீட்டில் இரண்டாம் முறை எழுப்பப்படவில்லை.

நவராத்திரிக்கு வந்த தங்கை மகள் ஒருத்தி, முறையாகப் பத்து வருஷம் பயின்றவள், “மாமா, ஒரு வர்ணம் வாசித்துப் பார்க்கட்டுமா?” என்று கேட்டு உறையை அவிழ்த்தபோது, அவர் முகத்தில் தோன்றிய கலவரத்தை நான் கண்ணாரக் கண்டேன். அவள் சாரணியை மீட்டிக் கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்ததுமே அவர் கண்ணை மூடிக்கொண்டார். கூடியிருந்தவர்கள் அதை ரசனை என்று எண்ணிக்கொண்டார்கள். நாதம் கூடம் முழுவதும் நிறைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாத்தியம் அற்புதமாகப் பேசிற்று; அந்த ஆசாரியாரின் கைக்குக் கங்கணம் போடலாம். பல்லவி முடிந்து அனுபல்லவி எடுக்குமுன் நம்மவர் கையை உயர்த்தி நிறுத்தி, “ஏழாம் மெட்டில் ஏதோ அபஸ்வரம் இருக்கிறதம்மா, உனக்குக் கேட்கவில்லையா?” என்றார். அவளுக்குக் கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கவில்லை. மறுவாரம் வீணை தஞ்சாவூருக்குப் போய்விட்டது. அதை ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பியவரின் நடையில் பல மாதங்களாகக் காணாத ஒரு துள்ளல் இருந்தது.

அவருடைய ஆர்வத்தைக் கேள்வியுற்ற சிநேகிதர் ஒருவர், தம் வீட்டில் மேற்பலகை கீறிக் கிடக்கும் பழைய கோட்டுவாத்தியம் ஒன்றை இனாமாகவே கொடுத்துவிடுவதாகச் சமீபத்தில் சொல்லியனுப்பினார். நம்மவர் வெகுநேரம் யோசித்துவிட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

“அதில் மெட்டும் இல்லை, மெழுகும் இல்லை. ஒரே மாதத்தில் சரியாகிவிடும். அப்புறம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?”