மானை உதைத்தது யார்?

நாரா பூங்காவின் மானை அந்நியன் உதைக்கிறான். 2025 செப்டம்பரில் ஜப்பானின் தலைபோகிற பிரச்சினை இதுதான். அரிசி விலை ஓராண்டில் இரட்டிப்பான நாட்டில், ஆளுங்கட்சித் தலைமைக்குப் போட்டியிட்ட சனாயே தகாய்ச்சி மானுக்காகக் கொதித்தார். ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். தன்னளவில் உறுதி செய்துகொண்டதாகச் சொன்னார். போதாதா? அடுத்த மாதமே பிரதமர். மானிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை.

மலைக்கும் இதே கதிதான். ஃபூஜி மலையைக் காட்டித்தான் அரசு உலகத்தையே விருந்துக்கு அழைக்கிறது. 2024-ல் 3 கோடியே 68 லட்சம் பேர் வந்தார்கள். 2030-க்குள் 6 கோடி பேர் வேண்டுமாம். வந்தவர்கள் ஃபூஜிகவகுச்சிகோ என்ற ஊரில், லாசன் என்ற கடைக்குப் பின்னால் எழும் மலையைப் படமெடுக்கக் குவிந்தார்கள். குப்பை போட்டார்கள், சாலையின் குறுக்கே ஓடினார்கள், மறுப்பதற்கில்லை. நகர நிர்வாகம் என்ன செய்தது? 2024 மே மாதம் இரண்டரை மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்புத் திரை கட்டி மலையையே மறைத்தது. சில நாட்களில் திரையில் ஓட்டைகள். ஆகஸ்டில் புயல் வருகிறது என்று கழற்றினார்கள். மறுபடி மாட்டவில்லை. அழைக்க ஒரு துறை, மறைக்க ஒரு திரை.

பயணியாவது பணத்தைக் கொட்டிவிட்டுப் போய்விடுவான். தங்கி உழைப்பவன் கதைதான் கொடுமை.

ஜப்பான் குடியேற்றக் கொள்கையைப் பின்பற்றவில்லை என்று அன்றைய பிரதமர் ஷின்சோ அபே திரும்பத் திரும்பச் சொன்னார். 2018-லும் அதையே சொன்னார். ஐந்தாண்டில் 3,45,000 வெளிநாட்டுத் தொழிலாளர் வரை கொண்டுவரும் சட்டத்தை அதே ஆண்டில்தான் நிறைவேற்றினார். 2024 முடிவில் ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் 37 லட்சத்து 68 ஆயிரம் பேர். இவர்கள் குடியேறியவர்கள் அல்லவாம். பிறகு யார், மழைக்கு ஒதுங்கியவர்களா?

பொய்களுக்கெல்லாம் தலைமைப் பொய் 1993-ல் பிறந்தது. பெயர், தொழில் பயிற்சித் திட்டம். வளரும் நாட்டு இளைஞருக்கு நுட்பம் கற்றுக்கொடுத்துத் திருப்பி அனுப்பும் தருமகாரியம். என்ன நுட்பம்? சிப்பி உடைப்பது. கீரை அறுப்பது. சாரம் கட்டுவது. வியட்நாமிலிருந்து வந்த ஒருவரை ஃபுகுஷிமாவில் கதிரியக்க மாசு அகற்றும் வேலைக்கு விட்டிருந்தார்கள். 2018-ல் அம்பலமானது. வியட்நாமில் அணுமின் நிலையமே கிடையாது. கற்ற வித்தையை அவர் ஊரில் எங்கே காட்டுவார்? பயிற்சிக்கு வந்தவர் நினைத்தபடி முதலாளியை மாற்ற முடியாது. அடித்தாலும் உதைத்தாலும் அவர்தான் குரு. 2023-ல் மட்டும் 9,753 பேர் தலைமறைவானார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இப்படிச் சுவரேறி ஓடினால், முதலில் வாத்தியாரைத்தான் விசாரிப்போம். ஜப்பான் பிள்ளைகளைத் தேடியது. ஒருவழியாக 2027-ல் திட்டத்துக்கு மூடுவிழா. வேறு பெயரில் வேறு திட்டம் வருகிறது. 20 விநாடி முன்னதாக ரயில் கிளம்பியதற்கு 2017-ல் ரயில் நிறுவனம் பகிரங்க மன்னிப்புக் கேட்ட நாடு இது. 34 ஆண்டுப் பொய்க்கு எத்தனை முறை குனிய வேண்டும்?

சரி, குடியுரிமையே வாங்கிவிட்டால்? ஒதாரு என்ற துறைமுக ஊரில் ஒரு குளியல் விடுதி, ஜப்பானியருக்கு மட்டும் என்று பலகை மாட்டியிருந்தது. ரஷ்ய மாலுமிகள் குடித்துவிட்டு வருகிறார்கள் என்பது சாக்கு. அமெரிக்காவில் பிறந்து, 2000-ல் ஜப்பான் குடிமகனான ஒருவர் சான்றோடு போய் நின்றார். உள்ளே விடவில்லை. முகம் இன்னும் வெளிநாட்டிலேயே இருக்கிறதாம். 2002-ல் சப்போரோ நீதிமன்றம் இது பாகுபாடுதான் என்று சொல்லி, அவர் உட்பட வழக்குப் போட்ட மூவருக்கும் தலா 10 லட்சம் யென் தரச் சொன்னது. பலகையை வேடிக்கை பார்த்த நகராட்சிக்கு? பொறுப்பே இல்லை என்று தீர்ப்பு.

கொரோனா வந்தது. 2020-ல் ஊர் சுற்றப் போன ஜப்பானியர் திரும்பி வரலாம். ஜப்பானிலேயே வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளை வளர்த்த வெளிநாட்டு நிரந்தரவாசி ஊருக்குப் போயிருந்தால், மாதக்கணக்கில் வெளியேதான். கிருமியும் கடவுச்சீட்டைப் பார்த்துத்தான் ஒட்டுகிறது போலும்.

இதுவரை சிரித்தோம். இனி முடியாது.

2017-ல் படிக்க வந்த இலங்கைப் பெண் ஒருவர். உடன் வாழ்ந்தவன் அடிக்கிறான் என்று 2020 ஆகஸ்டில் போலீசிடம் போனார். விசா காலாவதி என்று அவரைப் பிடித்து அடைத்தார்கள். நகோயா குடிவரவுத் தடுப்பு மையத்தில் வாந்தி எடுத்து, மெலிந்து, 20 கிலோ குறைந்து, 2021 மார்ச் 6 அன்று செத்துப்போனார். வயது 33. குடித்தது மூக்கு வழியே வந்தபோது காவலர் ஒருவர் கேலி செய்தார். இதைச் சொல்வது எதிர்க்கட்சி அல்ல, அரசின் சொந்த விசாரணை அறிக்கை. நான்கு அதிகாரிகளுக்குக் கண்டிப்பு. குற்ற வழக்கு யார் மீதும் இல்லை. 2023-ல் குடிவரவுச் சட்டத்தை மட்டும் மறக்காமல் திருத்தினார்கள்: மூன்றாம் முறை அகதி நிலை கேட்பவரைத் திருப்பி அனுப்பலாம் என்று.

இந்த நாட்டில்தான் 2025 ஜூலையில், ஜப்பானியர் முதலில் என்று முழங்கிய சான்செய்தோ கட்சி மேலவையில் 14 இடங்களை அள்ளியது. அந்நியரால் குற்றம் பெருகுகிறதாம். காவல்துறைக் கணக்கைப் பாருங்கள். 2005-ஐ விட இப்போது வெளிநாட்டவர் ஏறத்தாழ இரு மடங்கு. குற்றவியல் வழக்கில் கைதாகும் வெளிநாட்டவர் அப்போதைவிடக் குறைவு. கணக்கு யாருக்கு வேண்டும்? நான்கு ஜப்பானிய நகரங்களுக்கும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இடையே ஒரு நட்புத் திட்டம் அறிவித்தார்கள். அதில் விசா என்ற பேச்சே இல்லை. குடியேற வருகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஒரே மாதத்தில் திட்டத்தை ரத்து செய்து அரசு வதந்திக்கு வணக்கம் சொன்னது.

2024-ல் ஜப்பான் குடிமக்கள் தொகை 9 லட்சம் குறைந்தது. அங்கே பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சம்கூட இல்லை. முதியவரைக் குளிப்பாட்டுவதும், வயலில் குனிவதும், நள்ளிரவில் கடையில் சோற்றுப் பொட்டலம் அடுக்குவதும் இன்று யார்? ஓட்டுக் கேட்பவர்களுக்கும் தெரியும், போடுபவர்களுக்கும் தெரியும். கை வேண்டும், காசு வேண்டும், ஆள் மட்டும் கூடாது.

இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் ஜப்பான் 1995-லேயே சேர்ந்துவிட்டது. 2016-ல் வெறுப்புப் பேச்சுக்கு எதிராக ஒரு சட்டமும் போட்டது. அதில் தண்டனை என்ற சொல்லே கிடையாது. வீட்டிலும் கடையிலும் வேலையிலும் இனம் பார்த்து விரட்டுவதைத் தடை செய்யும் முழுமையான தேசியச் சட்டம் 30 ஆண்டுக்குப் பிறகும் இல்லை.